செவ்வாயில் 1 மீட்டர் தொலைநோக்கி: டிரைவ் வேகம், தூசி, மின்பொறி

கேள்வி:
செவ்வாயில் மக்கள் குடியேறிய காலத்துக்கான வானாய்வகம் ஒன்றைக் கற்பனையாக வடிவமைக்கிறேன். இடம் ஒலிம்பஸ் மலை உச்சி. 1 மீட்டர் ஆடி, ஈக்வடோரியல் மவுண்ட் (ஓர் அச்சைக் கோளின் சுழலச்சுக்கு இணையாக வைத்த தாங்கி), ஆடிக்கு வெள்ளிப் பூச்சு. அங்கே துருவ நட்சத்திரம் கிடையாதே, அச்சை எதை வைத்து நேராக்குவது? விண்மீனைத் தொடர்ந்து தொலைநோக்கியைத் திருப்பும் டிரைவை எந்த வேகத்தில் ஓட்டுவது? மோட்டார், கேமரா சூட்டுக்கு மின்விசிறி போதுமா?

பதில் 1:
முதலில் வேகம். செவ்வாயின் சூரிய நாள் 24 மணி 39 நிமிடம் 35 வினாடி. அதை எடுக்காதீர்கள். விண்மீன்களை வைத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 24 மணி 37 நிமிடம் 22.7 வினாடி, அதாவது வினாடிக்கு 14.62 விகலை (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு). பூமியின் 15.04 இருந்தால் ஒரே நிமிடத்தில் 25 விகலை விலகும். உடனே கண்ணில் பட்டுவிடும். சூரிய நாளைப் போட்டுவிட்டால்தான் ஆபத்து. நிமிடத்துக்கு 1.3 விகலைதான் பிசகும், சிறு படங்களில் பிடிபடாது. பத்து நிமிடப் படம் 13 விகலை இழுபட்டிருக்கும். பல்சக்கரத்தை மாற்ற வேண்டாம், மோட்டாருக்குப் போகும் துடிப்பை மாற்றினால் போதும்.

வட வான்துருவம் டெனெப், ஆல்டெராமின் என்ற இரு விண்மீன்களுக்கும் ஏறக்குறைய நடுவில், இரண்டிலிருந்தும் 9, 10 டிகிரி தள்ளி வெறும் இடத்தில் இருக்கிறது. அச்சைச் சுற்றி மூன்று நிலைகளில் படம் எடுத்து, எந்தப் புள்ளியை மையமாக வைத்து வானம் சுழல்கிறது என்று கணக்கிடுங்கள். உச்சி சுமார் 18.6 டிகிரி வடக்கு அட்சரேகை, அச்சின் சாய்வும் அதுவே. விண்மீன் பட்டியல்கள் பூமியின் நடுக்கோட்டை வைத்து எழுதப்பட்டவை. செவ்வாயின் துருவம் அதிலிருந்து 37 டிகிரி விலகியது. மென்பொருளில் இந்த மாற்றத்தைச் சேர்க்காவிட்டால் தொலைநோக்கி வானத்தின் வேறு மூலைக்குத் திரும்பும்.

பதில் 2:
வெள்ளிப் பூச்சு வேண்டவே வேண்டாம். செவ்வாயில் ஓசோன் மிகச் சொற்பம். பூமியில் தரையிலிருந்து பார்க்க முடியாத 200 முதல் 300 நானோமீட்டர் புற ஊதா அங்கே தரை வரை வருகிறது. இந்த ஆய்வகத்தைக் கட்டுவதற்கே அது நல்ல காரணம். வெள்ளி அந்தப் பகுதியில் ஒளியைச் சரியாகத் திருப்பாது. அலுமினியம் பூசி, மேலே மெக்னீசியம் ஃபுளோரைடு இடுங்கள்.

மின்விசிறியும் பயன்படாது. உச்சியில் காற்றழுத்தம் ஒரு மில்லிபாருக்கும் கீழே, அள்ளிப்போகக் காற்றே இல்லை. கேமராவின் சூட்டைத் தாமிரப் பட்டை வழியாக வானைப் பார்த்த தகட்டுக்குக் கடத்துங்கள். பேரிங்கில் சாதாரண கிரீஸ் இறுகிவிடும்; மாலிப்டினம் டைசல்ஃபைடு உலர் பூச்சு போடலாம்.

பலர் மறப்பது மின்பொறியை. கரியமில வாயுவில் மின்பொறி எளிதில் பாய்வது 400 வோல்ட்டை ஒட்டி. தரையின் 6 மில்லிபாரில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியிலும், உச்சியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியிலும் அந்த நிலை வந்துவிடும். மங்கலான ஒளியை அளக்கும் ஒளிபெருக்கிக் குழாய்க்கு 1000 வோல்ட் கொடுத்தால் கம்பிமுனைகள் பொறி கக்கும். முனைகளைச் சிலிக்கோனில் பதியுங்கள், வெற்றிடத்தில் குமிழி போக்கிய பிறகு. உள்ளே ஒரு குமிழி நின்றாலும் பொறி அதற்குள்ளேதான் தொடங்கும்.

கேட்டவர்:
நன்றி, அலுமினியத்துக்கு மாறுகிறேன். உச்சியில் தூசி குறைவுதானே, டோம் எப்போதும் திறந்தே இருக்கலாமா?

பதில் 3:
சாதாரண நாட்களில் குறைவுதான். உலகளாவிய புயலில் உச்சி தப்பாது. 2018இல் வந்ததைப் போன்றவற்றில் தூசி 60 கி.மீ.க்கு மேலும் எழுகிறது. அந்தப் புயலில் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி இருந்த சமவெளியில் ஒளித்தடிமன் (தூசி ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) 10.8 என்று அளந்தார்கள். விண்மீனின் நேர் ஒளி ஏறக்குறைய 11.7 மேக்னிட்யூட் (விண்மீன் வெளிச்சத்தின் அலகு) மங்கும் அளவு அது. புயல்கள் பெரும்பாலும் தென் அரைக்கோளத்தின் வசந்தத்திலும் கோடையிலும் வருபவை. பராமரிப்பை அந்தப் பருவத்தில் வைத்து டோமை மூடிவிடுங்கள்.

ஆடியைத் துணியால் துடைக்கவே கூடாது. துகள்கள் சில மைக்ரான் அளவு, நிலைமின்னால் ஒட்டிக்கொண்டிருப்பவை. தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். அலுமினியப் படலத்தின் விளிம்பைத் தாமிர இழையால் குழாயோடு இணைத்து, மவுண்ட், டோம் எல்லாவற்றையும் ஒரே கம்பியில் இணைத்துவிடுங்கள். வறண்ட மண்ணில் எர்த் கம்பி அடித்துப் பயனில்லை.