கிளார்ஃபிண்டெல் ஒரே ஆளா, இரண்டு பேரா?

மெழுகுதிரி:

மூன்று நாளாக இந்த ஒரே விஷயம் மண்டைக்குள் குடைகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டோல்கீனின் கற்பனை உலகமான மத்திய பூமிக்குள் நான் நுழைந்தது ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படம் வழியாக. 2001இல் வந்த முதல் பாகத்தில், குத்துப்பட்டுக் கிடக்கும் ஃபிரோடோவைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு ஆற்றைத் தாண்டுவது ஆர்வென். அப்புறம் புத்தகத்தை எடுத்தால் அந்த இடத்தில் ஆர்வெனையே காணோம். கிளார்ஃபிண்டெல் என்று மூப்பில்லாத எல்ஃப் இனத்தவன் ஒருவன், பொன்னிற முடி, வெள்ளைக் குதிரை, மணியோசை. யாரப்பா நீ என்று எரிச்சலோடுதான் படித்தேன். ஆனால் ஆள் பிடித்துப்போய்விட்டான். பாலத்தின் மேல் ஒரு பச்சைக் கல்லை அடையாளமாக வைத்துவிட்டு வந்திருக்கிறான். அங்கே ஃபிரோடோவைத் துரத்தும் கறுப்புக் குதிரைவீரர்களான நாஸ்கூல்கள் மூன்று அவனைக் கண்டதும் பின்வாங்கினவாம். வேறு இரண்டு தெற்கே ஒதுங்கிப் போயினவாம். அதை அவன் சொல்கிற தோரணை, கடைத்தெருவுக்குப் போய்வந்ததைச் சொல்வது போல இருக்கிறது.

இப்போது சிக்கல். பழைய யுகங்களின் கதையான சில்மரில்லியனில், எல்ஃப் நகரமான கோண்டோலின் வீழ்ச்சி வரைக்கும் வந்துவிட்டேன். நகரம் எரிகிறது, மிச்சம் இருப்பவர்கள் மலைக் கணவாய் வழியாகத் தப்புகிறார்கள், பால்ராக் என்ற நெருப்புப் பூதம் ஒன்று வழிமறிக்கிறது. அதோடு மோதி, அதோடு சேர்ந்தே பாதாளத்தில் விழுந்து செத்துப்போகிறவன் பெயர் கிளார்ஃபிண்டெல்! பொன்னிற முடி. தோரோண்டோர் என்ற கழுகரசன் உடலை மேலே கொண்டுவருகிறான், கற்களைக் குவித்து அடக்கம் செய்கிறார்கள், ஒன்றும் முளைக்காத அந்த இடத்தில் மஞ்சள் பூக்கள் பூக்கின்றன.

அது முதல் யுகம் 510. ஃபிரோடோவைக் காப்பாற்றியது மூன்றாம் யுகம் 3018. நடுவில் இரண்டாம் யுகத்தின் 3441 ஆண்டுகளையும் சேர்த்தால் இடைவெளி சுமார் 6500 ஆண்டு. இருவரும் ஒருவர்தான் என்று டோல்கீன் பிற்காலத்தில் குறிப்பு எழுதியதாக எங்கோ பார்த்தேன். உண்மையா? உண்மையென்றால் எனக்குக் கொஞ்சம் வருத்தம். தொடர்கதையில் செத்தவரை வாசகர்கள் கேட்டார்கள் என்று எழுப்பிக் கூட்டிவருவது போல இருக்கிறது. அந்த மஞ்சள் பூக்களைப் படித்து நான் அழுததற்கு என்ன மரியாதை?

பழைய நிலப்படம்:

ஒரே ஆள்தான். அழுதது வீணாகவும் இல்லை.

முதலில், எல்ஃப்களின் சாவு மனிதர்களின் சாவு மாதிரி இல்லை. மனிதன் செத்தால் உலகத்தை விட்டே போய்விடுகிறான், எங்கே என்று எல்ஃப்களுக்கும் தெரியாது. எல்ஃபின் உயிர் உலகத்தோடு கட்டுண்டது. உடல் அழிந்தால் அது மேற்கே மாண்டோஸின் மண்டபங்களுக்குப் போய்க் காத்திருக்கும். காலம் கனிந்தால் உடல் திரும்பக் கிடைக்கும். இதைப் பிற்காலக் குறிப்பில் தேட வேண்டியதில்லை, நீங்கள் கையில் வைத்திருக்கும் புத்தகத்திலேயே இருக்கிறது. எல்ஃப் அரசன் ஃபின்ரோட் ஓநாயோடு போராடிச் சாகிறான் அல்லவா? அந்தப் பத்தி எப்படி முடிகிறது என்று பாருங்கள். மேற்கே எல்ஃப்களின் நாடான எல்டமாரின் மரங்களுக்கடியில் தன் தகப்பனோடு உலாவுகிறான்.

இதை மறுபிறவி என்று சொல்ல எனக்கு நா வருவதில்லை. நம் மொழியில் அந்தச் சொல்லோடு வினைப்பயனும் வேறொரு தாயின் வயிறும் சேர்ந்து வந்துவிடும். இங்கே அதே ஆள், அதே நினைவு, அதே முகம்.

கிளார்ஃபிண்டெலின் விசேஷம், உடல் கிடைத்ததோடு நிற்காமல் கடல் தாண்டித் திரும்பி வந்தது. டோல்கீன் தன் கடைசி ஆண்டுகளில் எழுதிய இரண்டு சிறு கட்டுரைகளில் இதை அலசுகிறார். 1996இல் வந்த ‘மத்திய பூமியின் வரலாறு’ வரிசையின் 12ஆம் தொகுதியில் அவை இருக்கின்றன. முதலில் மந்திரவாதி காண்டால்ஃபோடு மூன்றாம் யுகத்தில் வந்திருக்கலாம் என்று யோசிக்கிறார். பிறகு இரண்டாம் யுகம் 1600 வாக்கில் என்பதுதான் பொருத்தம் என்கிறார். அது இருளின் தலைவன் சாரோன் ஒற்றை மோதிரத்தை வடித்த காலம்.

ஏன் இவனுக்கு மட்டும் இந்தச் சலுகை? மேற்கை விட்டுக் கிளம்பியபோது எல்ஃப்கள் தங்கள் உறவினரையே வெட்டிய அந்தப் பழைய கொலையில் இவன் சேரவில்லை. மனமில்லாமல், பின்னாளில் கோண்டோலினின் அரசனான துர்கோன் மீதுள்ள விசுவாசத்தால்தான் நாடு கடந்தான். கணவாயில் இவன் யாருக்காக நின்றான் என்று இன்னொரு தரம் படியுங்கள். தப்பியோடிய கூட்டத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான், எயரெண்டில். அந்தப் பையன் வளர்ந்து பெற்ற பிள்ளைதான் ரிவெண்டெலின் தலைவன் எல்ரோண்ட். ரிவெண்டெலில் கிளார்ஃபிண்டெல் எல்ரோண்டின் மேசையில் உட்கார்ந்திருக்கிறான் என்றால், தான் உயிரைக் கொடுத்துக் காத்த குழந்தையின் மகன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

சந்தேகப்பிராணி:

அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்கள். 1954இல் முதல் பாகம் அச்சானபோது இதில் ஒன்றுமே கிடையாது. கோண்டோலின் கதையை டோல்கீன் எழுதியது 1916-17. பல ஆண்டு கழித்து ரிவெண்டெலுக்கு ஓர் எல்ஃப் பிரபு வேண்டியிருந்தது, பழைய பெட்டியிலிருந்து ஒரு பெயரை எடுத்து ஒட்டினார். அவ்வளவு யோசிக்காமல் எடுத்ததுதான் என்று அந்தக் கட்டுரையிலேயே ஒத்துக்கொள்கிறார். அந்தப் பெயரை, தான் உருவாக்கிய எல்ஃப் மொழியான சிண்டரினுக்குள் அடக்குவதே கஷ்டம் என்றும் சொல்கிறார். தொடக்ககால வரைவுக் குறிப்பு ஒன்றில், கிளார்ஃபிண்டெல் கோண்டோலினில் தன் மூதாதையர் பற்றிச் சொல்வதாக வருகிறது. மூதாதையர் என்றால் இவன் வேறு ஆள்தானே?

பழைய நிலப்படம்:

சரி, அச்சான புத்தகத்தையே பார்ப்போம். காயத்தால் மங்கிப்போகும் நிலையில் ஆற்றங்கரையில் ஃபிரோடோ ஒளிரும் வெள்ளை உருவம் ஒன்றைப் பார்க்கிறான். அது கிளார்ஃபிண்டெல்தான் என்று காண்டால்ஃப் பிறகு விளக்குகிறார். மேற்கின் புனித நாட்டில் வாழ்ந்தவர்கள் கண்ணுக்குத் தெரியும் உலகிலும் தெரியாத உலகிலும் ஒருசேர இருப்பவர்கள் என்கிறார். நாஸ்கூல்கள் ஏன் விலகின என்பதற்கும் அதுதான் காரணம்.

சந்தேகப்பிராணி:

அது மேற்கிலிருந்து வந்தவன் என்பதற்குச் சாட்சி. செத்துத் திரும்பியவன் என்பதற்கு இல்லை. எல்ஃப் அரசி கலாட்ரியலும் அங்கே வாழ்ந்தவள்தான், அவள் ஒரு தரமும் சாகவில்லை.

பழைய நிலப்படம்:

ஒத்துக்கொள்கிறேன், அந்த வரி மட்டும் போதாது. ஆனால் ஒட்டுப்போடுகிற ஆள் சுலபமான வழியைத்தானே எடுப்பார்? ஒரே பெயரில் இரண்டு எல்ஃப்கள் என்று எழுதினால் அரை வரியில் முடிந்தது. அவ்வளவு புகழ்பெற்ற பெயரை இன்னொருவன் வைத்துக்கொள்வது நம்பும்படி இல்லை என்று அதை விட்டுவிட்டார். கஷ்டமான வழியை எடுத்ததால் எல்ஃபின் உயிர் எப்படித் திரும்புகிறது என்ற கேள்வி தலைமேல் உட்கார்ந்தது. முன்பெல்லாம் அவர்கள் குழந்தையாகத் திரும்பப் பிறப்பார்கள் என்று வைத்திருந்தார். பிற்காலத்தில் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, உயிர் தன் உடலை நினைவில் வைத்திருக்கும், அதன்படியே உடல் கிடைக்கும் என்று மாற்றினார். மெழுகுதிரி, இதைச் செய்தவர் வாசகரை வசப்படுத்த எழுதியவர் அல்ல. அந்தக் கட்டுரைகள் அவர் 1973இல் இறந்து பல ஆண்டு கழித்துத்தான் அச்சாயின.

குளம்பொலி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எல்லாரும் ஆளைப் பற்றியே பேசுகிறீர்கள், குதிரையை விட்டுவிட்டீர்கள். அவன் குதிரை அஸ்ஃபலோத்துக்கு முதல் பதிப்பில் கடிவாளம் உண்டு. எல்ஃப்கள் கடிவாளம் இல்லாமல்தானே சவாரி செய்வார்கள், இதற்கு மட்டும் ஏன் என்று ஒரு வாசகர் கடிதம் போட்டுக் கேட்டார். கவனக்குறைவாக எழுதிவிட்டேன், அது வெறும் தலைக்கச்சையாக இருந்திருக்க வேண்டும் என்று 1958இல் டோல்கீன் பதில் போட்டார். அடுத்த பதிப்பில் திருத்தியும் விட்டார். குதிரையின் வாய்க்கே இவ்வளவு என்றால் செத்த ஆளுக்கு யோசிக்காமல் இருப்பாரா?

(1978 அனிமேஷன் படத்தில் அந்தக் குதிரையில் வருவது லெகோலாஸ் என்ற இன்னொரு எல்ஃப். பாவம் கிளார்ஃபிண்டெல், எந்தப் படத்திலும் அவனை ஏறவிடமாட்டேன் என்கிறார்கள்.)

மெழுகுதிரி:

எல்லாருக்கும் நன்றி. எயரெண்டில் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நேற்று ராத்திரி ரிவெண்டெல் விருந்துப் பகுதியைத் திரும்பப் படித்தேன். எல்ரோண்டுக்கு ஒரு பக்கம் காண்டால்ஃப், இன்னொரு பக்கம் கிளார்ஃபிண்டெல். இருவருமே பால்ராக்கோடு மோதிச் சாகிறவர்கள். ஒருவர் செத்துத் திரும்பிவிட்டார், ஒருவர் இனிமேல்தான் சாகப்போகிறார்!

சந்தேகப்பிராணி, மூதாதையர் குறிப்பு இன்னும் உறுத்துகிறது, அதை விடமாட்டேன். ஆனால் வேறொன்று தோன்றிவிட்டது. புது உடல் கிடைத்தது என்றால் பழைய உடல் அந்தக் கற்குவியலுக்கு அடியில்தானே கிடந்திருக்கும்? முதல் யுகத்தின் முடிவில் கோண்டோலின் இருந்த பெலெரியாண்டின் பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது. அப்படியென்றால் இரண்டாம் யுகம் 1600 வாக்கில் மேற்கிலிருந்து கப்பலில் வந்தவன், தன்னைப் புதைத்த இடம் மூழ்கிக் கிடக்கும் அந்தத் தண்ணீரைக் கடந்துதான் கரைசேர்ந்திருக்க வேண்டும். அவனுக்கு அது தெரிந்திருக்குமா?