மறு: ‘கிரில்’ செய்த பழத்துக்கு என்ன சொல்?

குழும நண்பர்களுக்கு வணக்கம். ‘கிரில்’ செய்த பழம் போட்ட கோடை சாலட்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பங்கு இது.

> ‘வாட்டு’ என்று நல்ல சொல் இருக்க, புதிதாக எதற்கு? ‘வாட்டிய பழக் கோடை சாலட்’ என்று எழுதிவிடலாமே.

சென்னை அண்ணா, அங்கே அது சரி. நான் இருப்பது இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம். இங்கே வாட்டுவது என்றால் முதலில் நினைவுக்கு வருவது தேயிலை பெக்டரிதான். பறித்த கொழுந்தை நீளத் தொட்டியின் வலைமேல் பரப்பி, அடியிலிருந்து காற்றை விட்டு, 12 முதல் 18 மணி நேரம் வரை ஈரத்தை இறக்குவார்கள். கையில் அள்ளி அழுத்தினால் உருண்டையாக நிற்கும், ஆனால் வெந்திருக்காது. ‘வாட்டிய அன்னாசி’ என்று எழுதினால் எங்கள் ஆட்கள் துவண்டுபோன அன்னாசியைத்தான் நினைப்பார்கள்.

‘சுட்ட பழம்’ என்றதும் எல்லோரும் ஔவையாரைக் கூப்பிட்டுவிட்டீர்கள். அந்த நாவற்பழம் எங்கே சுட்டது? ஒட்டிய மண்ணைத்தானே பாட்டி ஊதினார்! சுட்டது என்றால் களவெடுத்தது என்றும் ஆகிவிடும். அதுகூடப் பரவாயில்லை. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்பில் பலாக்கொட்டையைச் சாம்பலில் புதைத்து எடுப்பதும் சுடுவதுதான். கொட்டை தணலோடு கிடக்கும், தோல் கருகும், உரித்துத் தின்போம். கிரில் அப்படியில்லை.

போன ஞாயிறு செய்தே பார்த்தேன். அன்னாசியை அரை அங்குல வட்டமாக வெட்டி, ஈரத்தைத் துடைத்து, தணலுக்கு மேலே கம்பித்தட்டில் வைத்தேன். சாறு சொட்டிச் சுர்ரென்றது. வேறொன்றும் நடக்கவில்லை, ஈரம் இருக்கும் வரை பழத்தின் சூடு 100 பாகையைத் தாண்டாது, சீனி சிவக்க அது போதாது. மேற்புறம் வற்றிய பிறகு, கம்பி பட்ட இடம் மட்டும் கோடு கோடாகப் பழுப்பேறியது. இடையெல்லாம் மஞ்சள்தான். நாக்கை அரிக்கும் புரோமெலைன் நொதியும் சூட்டில் செயலிழந்துவிடும். சூடு படாத அன்னாசியைத் தயிரில் போட்டு வைத்தால் கசக்குமே, இதைப் போட்டால் கசக்கவில்லை. சலாது (சாலட்) இலை, மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான்.

ஆக, இந்தச் சமையலுக்கு அடையாளம் கம்பியும் அது போடும் வடுவும். என் முன்மொழிவு: கம்பிச்சூடு. சூடு என்றால் வெப்பம். மாட்டுக்குப் போடுவதும் சூடுதான். இங்கே இரண்டும் நடக்கிறது. ‘கம்பிச்சுடல்’ என்று எழுதிய அக்கா கோபிக்கக் கூடாது, சுடல் என்றதும் எனக்குச் சுடலை கண்ணில் வருகிறது. ‘துப்பாக்கிச் சூடு போல ஒலிக்கிறதே’ என்று என்னையும் மடக்கலாம். செய்தி கேட்டு வளர்ந்த நாட்டில் அது நியாயமான கேள்விதான். ‘கம்பிச்சூட்டு அன்னாசி’ என்று வரும்போது அந்த ஒலி அமுங்கிவிடுகிறது.

‘கோடை’ வேண்டவே வேண்டாம். எங்கள் மலைநகரான நுவரெலியாவில் பகலில் நல்ல வெயில் அடிக்கும் சனவரி, பெப்ரவரியில்தான் விடியற்காலை உறைபனி விழுந்து கொழுந்து கருகும். கொழும்பு கொதிக்கும் ஏப்ரலில் ஆட்கள் இங்கே ஏறி வருவார்கள். அதற்குப் பெயர் ‘சீசன்’.

‘பழச் சலாது’ என்றால் கடையில் ஐஸ்கிரீமோடு வரும் கிண்ணத்தை எதிர்பார்ப்பார்கள். அதனால் பழத்தின் பெயரையே சொல்லிவிடலாம்: கம்பிச்சூட்டு அன்னாசிச் சலாது.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. வரிவரியான இரும்புச் சட்டியில் சுட்டால் கோடு விழும், கம்பி இருக்காது. அதற்கும் இதே சொல் செல்லுமா? அக்கா, நீங்களே முதலில் சொல்லுங்கள்.