உட்காரும் உடம்பின் அச்சை அப்படியே மரத்தில் செதுக்கலாமா?

வளைகோடு:

பலகைகளை அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்த பிறகு அந்தக் கட்டியைச் செதுக்கி ஒரு நாற்காலி செய்துகொண்டிருக்கிறேன். அமெரிக்கச் சிற்பி வெண்டெல் காசில் 1960களில் கையாண்ட முறைதான். கால், இருக்கை, முதுகு என்று தனித்தனியாகத் தெரியாமல், தரையிலிருந்து ஒரே உடலாக எழும்பி வரவேண்டும் என்று ஆசை. சிறிய அளவில் களிமண் மாதிரி செய்து பார்த்துவிட்டேன், வடிவம் பிடித்திருக்கிறது.

கேள்வி இருக்கையைப் பற்றி. ஈரக் களிமண் மேல் உட்கார்ந்து எழுந்தால் தொடை, பிட்டம், இடுப்பு எல்லாம் பதியும் இல்லையா, அந்தப் பள்ளத்தை அப்படியே அளவெடுத்து மரத்துக்கு மாற்றினால் அதைவிடப் பொருத்தமான இருக்கை இருக்கவே முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டறையில் கூட வேலை செய்யும் நண்பர் வேண்டவே வேண்டாம் என்கிறார், ஆனால் ஏன் என்று அவரால் விளக்க முடியவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று, இது சிற்பமும்தானே, உட்கார வசதியாக இருப்பது எவ்வளவு தூரம் முக்கியம்?

உளிமுனை:

உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. காரணத்தை நான் சொல்கிறேன்.

களிமண்ணில் பதிவது அந்த ஒரு நொடியில் நீங்கள் இருந்த நிலை, அவ்வளவுதான். உட்கார்ந்திருக்கும் உடம்பு சும்மா இருப்பதே இல்லை. ஒரு பக்கம் சாயும், கால் மேல் கால் போடும், முன்னால் குனியும், மெல்லச் சரிந்து மறுபடி மேலே ஏறும். ஒரே இடத்தில் அழுத்தம் நின்றால் அங்கே ரத்த ஓட்டம் குறைகிறது, அந்த உறுத்தலில் நம்மை அறியாமலே அசைந்து கொடுக்கிறோம். அச்செடுத்த பள்ளத்தில் அசைய இடமில்லை. இரண்டு விரல் அளவு நகர்ந்தாலே சற்றுமுன் தாங்கிய மேடு குத்த ஆரம்பிக்கும். உங்களைவிட இடுப்பு அகலமானவருக்கு உட்கார்ந்த கணத்திலிருந்தே குத்தும்.

உள்ளங்கையை அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்து பாருங்கள், இரண்டு எலும்பு முனைகள் கையில் தட்டும். நிமிர்ந்து உட்காரும்போது உடல் எடையின் பெரும்பங்கு அந்த இரண்டு முனைகள் வழியாகத்தான் இறங்குகிறது. அவற்றுக்கு இடையே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் இரண்டு குழிகள் தோண்டாதீர்கள், இரண்டுக்கும் சேர்த்து ஒரே அகலமான, ஆழம் குறைந்த தாழ்வு போதும். இங்கிலாந்தின் விண்ட்சர் நாற்காலிகளில் இதைத்தான் பார்க்கிறோம். தடித்த பலகையைக் குடைந்து செய்த இருக்கை, ஆழம் பெரும்பாலும் 2 செ.மீ. பக்கம்தான் இருக்கும். பின்பக்கம் ஆழம், முன்னால் வரவர மேலேறும், தொடை இறங்கும் இடத்தில் விளிம்பை நன்றாக உருட்டியிருப்பார்கள். யாருடைய அச்சும் அதில் இல்லை, ஆனால் உட்காருகிற எல்லோரையும் ஏற்றுக்கொள்கிறது.

முன்விளிம்பில் கஞ்சத்தனம் வேண்டாம். முழங்காலின் பின்குழியில் நரம்பும் ரத்தக்குழாயும் தோலுக்கு அருகிலேயே ஓடுகின்றன, அங்கே விளிம்பு அழுத்தினால் கால் மரத்துப்போகும். உட்கார்ந்த பிறகு அந்தக் குழிக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். இருக்கையின் முன்விளிம்பிலிருந்து முதுகு வரையுள்ள நீளத்தை 40, 42 செ.மீ.யோடு நிறுத்திக்கொண்டால் குட்டையானவர்களும் முதுகை ஒட்டி உட்காரலாம்.

முதுகுக்கு வருவோம். உட்கார்ந்தவுடன் இடுப்பெலும்பு பின்பக்கமாக உருள்கிறது, கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு தட்டையாகிவிடுகிறது. ஸ்வீடன் மருத்துவர் பெங்க்ட் ஓகர்ப்ளோம் 1948லேயே இதை ஆராய்ந்து, தாங்கல் கீழ்முதுகில் வேண்டும் என்று எழுதினார். இருக்கையிலிருந்து 15 முதல் 25 செ.மீ. உயரத்துக்குள் மெதுவான ஒரு புடைப்பு வையுங்கள். அதற்குக் கீழே பிட்டம் பின்னால் தள்ளிப் போக இடம் விடுங்கள். இந்த இடத்தைத்தான் சிற்பமாகச் செதுக்குபவர்கள் அடைத்துவிடுகிறார்கள், இருக்கையும் முதுகும் ஒரே வளைவாகச் சேர்ந்தால் பார்க்க அழகு என்பதற்காக. அந்த வளைவு பிட்டத்தை முன்னால் தள்ளும், ஆள் கூன்போட்டு உட்காருவார்.

தாழ்வாரம்:

மேலே சொன்ன அளவுகளோடு எனக்குச் சண்டை இல்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், நான் சிற்பத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தவள்.

உடம்பை உருவமாகக் காட்டும் நாற்காலி ஒன்று, உடம்பை ஏற்றுக்கொள்ளும் நாற்காலி இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. பிரிட்டிஷ் கலைஞர் ஆலன் ஜோன்ஸ் 1969இல் பெண் உருவங்களையே மேசையாகவும் நாற்காலியாகவும் செய்தார், பெண்ணைப் பொருளாக்குகிறார் என்று பெண்ணியவாதிகள் கடுமையாக எதிர்த்தார்கள், அந்தக் கோபம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. அதே 1969இல் இத்தாலியில் கெயட்டானோ பெஷே செய்த நாற்காலியும் பெண் உடல்தான். ஆனால் அதன் காலடி மெத்தை கைதியின் காலில் கட்டிய இரும்புக் குண்டுபோல உருண்டையாக, நாற்காலியோடு கயிற்றால் கட்டப்பட்டிருக்கும், பெண் சிறைப்பட்டிருக்கிறாள் என்பதே அவர் சொல்ல வந்தது. அதில் உட்காருகிறவர் அந்தப் பேச்சுக்குள் போய் உட்காருகிறார். நுரையால் ஆனது என்பதால் உட்கார சுகமாகவும் இருக்கிறது, அந்தச் சுகமே நெருடுகிறது. பெஷேயின் திறமை அங்கேதான்.

உங்கள் நாற்காலி எதையும் உருவமாகக் காட்டவில்லை என்றால் அது பேசுவது உட்காரும் நிலை வழியாகத்தான். பின்லாந்துக் கட்டிடக் கலைஞர் அல்வார் ஆல்டோ 1930களின் தொடக்கத்தில் அங்குள்ள பைமியோ காசநோய் மருத்துவமனைக்குச் செய்த நாற்காலியில் முதுகின் சாய்வு நோயாளி எளிதாக மூச்சு விடுவதை எண்ணி வைக்கப்பட்டது. நார்வேயில் 1979இல் வந்த, முழங்காலை ஊன்றி உட்காரும் பாலன்ஸ் இருக்கைகளில் முழங்கால் கீழே இறங்குகிறது, இடுப்பு முன்னால் சாய்கிறது, முதுகு தானாக நிமிர்கிறது. அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் ஈரோ சாரினென் 1948இல் செய்த வூம் (கருப்பை) நாற்காலி இன்னொரு வழி. அறைகலன் வடிவமைப்பாளர் ஃப்ளாரன்ஸ் நால் சுருண்டு உட்கார ஒன்று வேண்டும் என்று கேட்க, எப்படி வேண்டுமானாலும் புரளுகிற அளவுக்குப் பெரிய கூடாக அதைச் செய்தார். ஆக, யாரை எப்படி உட்காரவைக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். வசதி எவ்வளவு வேண்டும் என்பது அதிலிருந்து தானாகவே வரும்.

வளைகோடு:

இருவருக்கும் நன்றி. அச்செடுக்கும் யோசனையை விட்டுவிடுகிறேன், பிட்டத்துக்குப் பின்னால் இடம் விடுவது எனக்குத் தோன்றவே இல்லை. நீண்ட நேரம் படிக்கிறவருக்கான நாற்காலி என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் கை வைக்க இடம் வேண்டும். அதே அடுக்கிலிருந்து மெல்லிய வளைவாகக் கையை இழுத்துக் கொண்டுவரலாமா, உடைந்துவிடுமா?

மரச்செதில்:

உடைய வாய்ப்பு அதிகம். மரத்தின் நார் ஓடும் ரேகை நேராக இருக்க, அதில் வளைவை வெட்டும்போது, வளைவு திரும்பும் இடத்தில் ரேகை கையின் குறுக்கே வந்துவிடும். எழுந்திருக்கும்போது முழு எடையும் கையில்தான் ஊன்றுவோம், சரியாக அந்த இடத்தில் பிளக்கும். ஒன்று, அந்த இடத்தைத் தாராளமாகத் தடிப்பாக விடுங்கள், காசிலின் வேலைகள் அவ்வளவு கனமாக இருப்பதில் இதற்கும் பங்குண்டு. இல்லையென்றால் கையை மட்டும் மெல்லிய தகடுகளாக அறுத்து, வளைத்து ஒட்டிச் சேருங்கள், ரேகை வளைவோடு கூடவே ஓடும். மூட்டுத் தெரியுமே என்று தயங்க வேண்டாம். அமெரிக்க மரவேலைக் கலைஞர் சாம் மலூஃபின் ஆடும் நாற்காலிகளில் கால் இருக்கையோடு சேருமிடத்தைப் பாருங்கள், மூட்டைச் சுற்றி அரத்தால் இழைத்து இழைத்து ஒன்றிலிருந்து இன்னொன்று முளைத்த மாதிரி ஆக்கியிருப்பார்.

கையின் நுனியைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். படிக்கிறவரின் விரல்கள் நுனியைச் சுற்றி அடிப்பக்கம் போய்த் தடவிக்கொண்டே இருக்கும், யாரும் பார்க்காத இடம் என்று அங்கே கரடாக விட்டால் கைக்குத்தான் முதலில் தெரியும். கட்டைவிரல் மேலே படிய லேசான தாழ்வு, மற்ற நான்கு விரலும் கீழே மடங்க உருண்டையான அடிப்பக்கம். அரம் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பாருங்கள், தட்டும் இடத்தில் பென்சிலால் குறியிட்டு அங்கே மட்டும் சுரண்டுங்கள். உப்புத்தாள் கடைசியில்தான், முதலிலேயே தேய்த்தால் மேடு பள்ளமெல்லாம் வழவழப்பில் மறைந்து கை ஏமாந்துவிடும்.

மரத்தில் கைவைக்கும் முன்னால் தெர்மாகோல், ப்ளைவுட் எது கிடைக்கிறதோ அதில் முழு அளவில் ஒரு முறை செய்து, உயரமும் பருமனும் வேறுவேறான நாலு பேரிடம் புத்தகத்தைக் கொடுத்து அரைமணி நேரமாவது உட்காரச் சொல்லுங்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கேட்காமல், எத்தனை நிமிடத்தில் யார் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று தள்ளி நின்று கவனியுங்கள்.