தரம் 10 தொகுதிப் பாடத் தெரிவு: கணக்கில் பின்தங்கின பிள்ளைக்கு எது பொருந்தும்?

செம்பருத்தி:
வணக்கம். மகன் தரம் 9, யாழ்ப்பாணம் கொக்குவில் பக்கம் ஒரு பாடசாலை. தொகுதிப் பாடப் படிவம் (தரம் 10இல் தொகுதிக்கு ஒண்டாய்த் தெரிவுசெய்யிற மூண்டு பாடத்துக்கு) நிரப்பிக் குடுக்கச் சொல்லியிருக்கினம். போன தவணைப் புள்ளிகள்: கணிதம் 22, விஞ்ஞானம் 31, ஆங்கிலம் 28, வரலாறு 41, தமிழ் 57, சைவநெறி 70, சுகாதாரம் 66, சித்திரம் 74. கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கில மொழிமூலம். வீட்டுக்காரர், மகன் வணிகமும் ஐ.சி.ரி.யும் (தகவல் தொழினுட்பம்) தான் எடுக்கவேணும் எண்டு நிக்கிறார். சித்திரம், சுகாதாரம் எடுத்தால் மொக்குப் பிள்ளை எண்டு சனம் கதைக்குமாம். கனடாவிலை இருக்கிற மச்சாள், அங்கை கணக்கையே லேசு, கஷ்டம் எண்டு இரண்டு விதமாய் வைச்சிருக்கினம் எண்டு சொல்லுறா. இங்கை அப்பிடி ஒரு வழி இருக்கோ?

சுண்ணாகத்தான்:
இல்லை அக்கா. ஓ.எல்.லில் (தரம் 11 முடிவில் எழுதுற சாதாரண தரப் பரீட்சை) சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம். கணிதத்துக்கு ஒரே வினாத்தாள்தான், லேசான பதிப்பு எண்டு ஒண்டு கிடையாது. மச்சாள் சொன்னது ஒன்ராறியோவிலை 10ஆம் வகுப்புக் கணக்கில் இருக்கிற அப்ளைட், அக்கடமிக் பிரிவு. 9ஆம் வகுப்பில் இருந்ததை அவையே 2021இல் எடுத்துப்போட்டினம். எடெக்செல் எண்ட இங்கிலாந்துப் பரீட்சை எழுதுற தனியார் பாடசாலைகளில் கணிதத்துக்கு ஃபவுண்டேஷன் நிலை இருக்கு, ஆனால் அதிலை எவ்வளவு நல்லாய் எழுதினாலும் 5க்கு மேலை தரம் வராது. எங்கட பாடத்திட்டத்தில் உங்களுக்குத் தெரிவு இருக்கிறது மூண்டு தொகுதியிலை மட்டும்தான்.

கரும்பலகை:
முதலில் ஏ.எல். (உயர்தரம்) படிக்க என்ன வேணும் எண்டதைப் பாருங்கோ. ஆறு பாடம் சித்தி, அதுக்குள்ளை தமிழும் கணிதமும் கட்டாயம் இருக்கவேணும், மூண்டு பாடத்துக்குக் குறையாமல் C வேணும். S (சாதாரண சித்தி) எண்டால் 35, C (திறமைச் சித்தி) எண்டால் 50, B எண்டால் 65. W எண்டால் சித்தியில்லை. உங்கட பிள்ளைக்குச் சமயம் C-க்கு மேலை நிச்சயம், தமிழும் C வரும். தொகுதிப் பாடம் மூண்டிலையும் C எடுத்தால் அஞ்சு C ஆச்சு. மிச்சம் கணிதத்தில் ஒரு S. விஞ்ஞானமும் ஆங்கிலமும் W ஆனாலும் ஏ.எல். கலைப்பிரிவு வாசல் திறந்திருக்கும். அதாலை தொகுதிப் பாடத்தைப் பேருக்காக எடுக்காதேங்கோ. C வரவேண்டிய இடமே அதுதான்.

முதலாம் தொகுதியில் வணிகக் கல்வியும் கணக்கீடும் இந்தப் பிள்ளைக்கு ஆபத்து. கணக்கீட்டுப் பகுதியில் ஒரு தொகையை வரவுக்குப் பதிலாய்ச் செலவுப் பக்கம் எழுதினால் கடைசி மீதி வரைக்கும் பிழை தொடரும். புவியியலில் 1:50,000 இடவிளக்கப் படம் வாசிக்கவேணும். கீறுற கையுள்ள பிள்ளைக்கு அது பிடிக்கக்கூடும். குடியுரிமைக் கல்வி அதைவிட லேசு, ஆனால் எழுத்து வேலை. தமிழ் 57 இருக்கிறபடியால் சமாளிக்கலாம்.

இரண்டாம் தொகுதியில் சித்திரத்தை விடாதேங்கோ. கை வரைஞ்சால் மட்டும் போதாது, சிகிரியா, அஜந்தா ஓவியம் எண்டு கலை வரலாறும் கேட்பினம். 74 புள்ளிக்காரன் B-க்குக் கீழை போறது பெரும்பாலும் அந்தப் பகுதியைப் படிக்காமல் விடுறதாலைதான். சங்கீதம், நடனம், நாடகம் எடுத்தால் செயன்முறைப் பரீட்சை வேறை.

மூண்டாம் தொகுதி ஐ.சி.ரி.யைப் பற்றி ஒரு தப்பெண்ணம் இருக்கு. போன் நல்லாய்ப் பாவிக்கிற பிள்ளைக்கு ஐ.சி.ரி. வரும் எண்டு நினைக்கினம். அதிலை துவித எண் மாற்றம், தர்க்கப் படலை, பாய்ச்சற் கோட்டுப்படம், நிரலாக்கம் எல்லாம் வரும். கணக்கு 22 எடுக்கிற பிள்ளை அதிலையும் அதே இடத்தில்தான் இடறும். சுகாதாரமும் உடற்கல்வியும் எடுங்கோ. சனம் கதைக்கிறது பெறுபேறு வாறவரைக்கும்தான்.

இப்பிடி எடுத்தால் மிஞ்சிற நேரம் முழுக்கக் கணிதத்துக்குப் போகவேணும், விளையாட்டுக்கு இல்லை. கணிதத்தில் இரண்டு தாளும் 100, 100. கூட்டி இரண்டாலை பிரிப்பினம். அப்ப 35 எண்டால் 200க்கு 70. முதலாம் தாள் அ பகுதியில் 25 சிறு வினா, ஒண்டுக்கு 2 புள்ளி. 14 சரியெண்டால் 28. ஆ பகுதியில் அஞ்சு வினா, பின்னம், சதவீதம், ஆரைச்சிறை, நிகழ்தகவு மாதிரி. அதிலை 20 எடுக்கலாம். இரண்டாம் தாளில் 22 தேவை. அதுக்கு வரைபு, மீடிறன் பரம்பலின் இடை, வட்டி அல்லது வரி, கேத்திரகணித அமைப்பு நாலும் காணும். தேற்றம் நிறுவுறதை இந்தப் பிள்ளைக்குக் கடைசியில் வையுங்கோ.

வரைபில் எங்கை புள்ளி போகுது எண்டு காட்டுறன். y = x² − 2x − 3, x = −1 எண்டு குடுத்தால் 1 + 2 − 3 = 0. பிள்ளைகள் 1 − 2 − 3 எண்டு போட்டு −4 எழுதுவினம், இல்லாட்டி (−1)²ஐ −1 எண்டு எடுத்து −2 எழுதுவினம். அந்த ஒரு புள்ளி வளையியை விட்டு வெளியிலை நிக்கும், பிள்ளை அதையும் சேர்த்து முறிஞ்ச கோடாய்க் கீறும். சரிபார்க்கிறது லேசு: அட்டவணை x = 1க்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரவேணும். 0க்கும் 2க்கும் −3, −1க்கும் 3க்கும் 0. சமச்சீர் குலைஞ்சால் கணக்குப் பிழை. இதுக்குத் தேவையானது தரம் 10 பாடமில்லை, கீழ் வகுப்பு மறை எண் பெருக்கல். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ரை இணையத்தளத்தில் பாடப்புத்தகம் எல்லாம் இலவசமாய் இறக்கலாம். தரம் 7, 8 புத்தகங்களில் பின்னம், திசைகொண்ட எண் பயிற்சியை ஒரு சனி ஞாயிறு செய்யவிட்டுப் பாருங்கோ, ஓட்டை எங்கை எண்டு தெரியும். அது தெரியாமல் நூறு பிள்ளை இருக்கிற ரியூசன் மண்டபத்தில் பாஸ்பேப்பர் (பழைய வினாத்தாள்) வகுப்புக்கு விட்டால் காசுதான் போகும்.

நெல்லியடி மைந்தன்:
ஆங்கிலம் 28, ஆனால் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கில மொழிமூலம்! முதல் வெட்டவேண்டியது அதுதான். பாதிப் பிரச்சினை கணக்கே இல்லாமல் இருக்கலாம். சோதிக்க ஒரு வழி: அதே வினாவைத் தமிழ்த் தாளில் செய்யவிடுங்கோ. புள்ளி ஏறினால் மொழிதான் தடை. மாத்துறதெண்டால் தரம் 10 தொடங்க முன்னம் அதிபருக்குக் கடிதம் குடுங்கோ. தரம் 11இல் மாத்தினால் படித்திறன், மடக்கை, தொடை, ஒழுக்கு எண்ட சொல்லுகளை எல்லாம் புதுசாய்ப் பழகவேண்டிவரும், அதுக்கு நேரம் இராது.

செம்பருத்தி:
வீட்டிலை ஒரு தமிழ்த் தாள் செய்விச்சுப் பாக்கிறன். வாயாலை கேட்டால் விடை சொல்லுவான், எழுதேக்கை 6ஐ 9 எண்டு எழுதுவான். இதுவும் பயப்பிடவேண்டிய விஷயமோ?

கரும்பலகை:
பயப்பிட ஒண்டுமில்லை, ஆனால் விட்டுவைக்கவும் கூடாது. முதலில் கண் பாருங்கோ. கண் சரியெண்டால் குழந்தை வைத்திய நிபுணரிட்டைக் காட்டி, கற்றல் இடர்பாடு இருக்கோ எண்டு கேளுங்கோ. பாடசாலையில் விசேட கல்வி ஆசிரியர் இருந்தால் அவரிட்டையும் கதையுங்கோ. உறுதியானால் பரீட்சைக்கு மேலதிக நேரம் மாதிரிச் சலுகை கேட்கலாம். மருத்துவ அறிக்கையோடை, விண்ணப்பம் போகேக்கையே அதிபர் மூலம் கேட்கவேணும். பரீட்சை கிட்ட வந்தாப்பிறகு ஓடித் திரிஞ்சால் கிடையாது.

சுண்ணாகத்தான்:
இன்னொண்டும் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கோ. கணிதம் S வராட்டிலும் வழி மூடாது. கணிதத்தை மட்டும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாய் மறுபடி எழுதலாம். 13 ஆண்டு உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவுக்கு ஓ.எல். சித்தி கேட்கிறேல்லை, முடிவில் என்.வி.கியூ. 4 (தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், 4ஆம் மட்டம்) கிடைக்கும். உங்கட வலயத்தில் எந்தப் பாடசாலையில் எந்தத் துறை நடக்குது எண்டு வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கோ, எல்லாப் பாடசாலையிலும் எல்லாம் இல்லை. படிவத்தில் கையெழுத்து வைக்க முன்னம், நீங்கள் தெரிவுசெய்யிற பாடத்துக்கு அந்தப் பாடசாலையில் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரோ எண்டும் கேளுங்கோ. சித்திரத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையில் சித்திரம் லேசான பாடமில்லை.