வெட்டுப்புள்ளிக்கு மூன்று குறைவு: தரம் 5 புலமைப்பரிசில், எங்கள் அனுபவங்கள்

யாழ்ப்பாணத்து அம்மா

என் மகன் 2024 செப்டம்பரில், இலங்கையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சையை எழுதினான். அதில் தேறினால் ஏழைப் பிள்ளைக்கு உதவித்தொகையும், பெரிய பாடசாலையில் இடமும் கிடைக்கும். அன்று காலை பாடசாலை வாசலில் நின்று அவனுடைய வெள்ளைச் சட்டையில் சுட்டெண்ணை, அதாவது பரீட்சை எண்ணை, குத்திவிட்டேன். கை நடுங்கி ஊசி என் விரலில் ஏறிவிட்டது. "அம்மா, நேராக் குத்துங்கோ, சேர் பேசுவார்" என்றான். அப்போது அவனுக்குப் பத்து வயது.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். முதலாம் வினாத்தாளின் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியானதாகத் தெரியவந்து, விடைத்தாள் திருத்துவது நின்றுபோனது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். டிசம்பர் 31 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைசியில் அந்த மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி கொடுத்தார்கள். மகனிடம் விளக்கிச் சொன்னேன். "நான் மூண்டையும் சரியாத்தானே செய்தனான்?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போதும் முடியாது.

ஜனவரியில் முடிவு வந்தது. தேறுவதற்கான மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு மூன்று குறைவு. மத்தியானத்துக்குள் பதினொரு போன், எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எத்தனை?" கனடாவிலிருந்து பெரியம்மா, "பரவாயில்லை, அடுத்த முறை பாப்பம்" என்றா. இந்தப் பரீட்சைக்கு அடுத்த முறை கிடையாது என்று அவவுக்குச் சொல்லவும் தெம்பில்லை. 200க்கு நூற்று இருபதைத் தாண்டி எடுத்த பிள்ளை கிணற்றடியில் போய்க் குந்தியிருந்து, "நான் பெயிலோ அம்மா?" என்று கேட்டான்.

இரண்டு வருடமாகப் பின்னேரம் ரியூசன், சனி ஞாயிறு பேப்பர் வகுப்பு என்று அலைக்கழித்தது நான்தான். உங்கள் வீடுகளில் எப்படி? சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, மட்டக்களப்பு

தங்கச்சி, உங்களை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். ஐந்தாம் வகுப்பைப் பல வருடம் எடுத்தவள் நான். சித்திரம், சங்கீதம், விளையாட்டுப் பாடவேளைகளை எல்லாம் வாங்கி மாதிரி வினாத்தாள் செய்வித்திருக்கிறேன். அதிபரும் கேட்டார், பெற்றோரும் கேட்டார்கள். மறுத்திருக்க வேண்டும்.

ஒருநாள் தும்பைச் செடி ஒன்றைப் பிடுங்கி வந்து, "இது என்ன, பிள்ளையள்?" என்று கேட்டேன். முன்வரிசைப் பிள்ளை ஒன்று, நல்ல கெட்டிக்காரி, வீட்டுப் பின்வளவெல்லாம் தும்பை. எழும்பி நின்று, "மூணு விடையையும் சொல்லுங்க ரீச்சர், நான் தெரிவு செய்யிறன்" என்றாள். முதலாம் வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடைதானே. பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே காத்துக்கொண்டு நின்றாள். வேருடன் அந்தச் செடி என் கையில் இருந்தது. அன்றைக்கு மிச்ச நேரம் பாடம் எடுக்க மனம் வரவில்லை.

பதுளைக்காரன்

அக்கா, ரீச்சர், நீங்கள் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் இந்தப் பரீட்சையை எடுத்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம் வருகிறது.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். அம்மா கொழுந்து எடுத்தார். பேர் விழாத, அதாவது நாள் கூலி கிடைக்காத, நாளில் வீட்டில் ரொட்டியும் சம்பலும்தான். 1990களில் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் பாஸானது நான் ஒருவன்தான். டியூசன் என்ற ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. ஒரே ஒரு சார், பள்ளி விட்ட பிறகு குப்பி விளக்கை வைத்துக்கொண்டு பழைய வினாத்தாளைச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பாஸ் என்னை டவுன் பாடசாலை விடுதிக்குக் கொண்டுபோனது. இன்று நான் ஒரு கணக்காளன்.

அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்த காலத்து மத்திய கல்லூரிகள் கிராமத்துப் பிள்ளைகளுக்காகத்தான் எழுந்தன. இப்போது கெடுவது எங்கே தெரியுமா? ஏழைப் பிள்ளைக்குப் பணம் கொடுப்பதற்கும், பெரிய பாடசாலைக்கு ஆள் தெரிவு செய்வதற்கும் ஒரே வினாத்தாளை வைத்திருக்கிறார்கள். வசதியான வீடுகள் இரண்டாவதற்காகத்தான் ஓடுகின்றன. உதவித்தொகை மாதம் 750 ரூபாயாக இருந்து, 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 1500 ஆனது. அதற்காக யாரும் இரண்டு வருடம் டியூசனுக்குக் காசு கட்டமாட்டார்கள். ஊருக்குள் இருக்கிற பாடசாலைக்கு நல்ல ஆசிரியர்களைப் போட்டால் இந்த ஓட்டத்தில் பாதி தானாக நின்றுவிடும். உதவித்தொகையைத் தனியே, இன்னும் கூட்டிக் கொடுக்கட்டும்.

யாழ்ப்பாணத்து அம்மா

தம்பி, நீங்கள் எழுதியதை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பாடசாலைக்குச் சைக்கிளில் போய்வருகிறான். முழுவதையும் பேசாமல் கேட்டான். கடைசியில் ஒன்று கேட்டான்: "அந்த அண்ணா ஹொஸ்டல்ல முதல் நாள் அழுதவரோ?"