முழு பாரத்தோடு மலை ஏறினால் பின்பக்கம் அமுங்குகிறது: ஷாக் அப்சார்பரை மாற்றுவதா, ஸ்பிரிங் மட்டும் போதுமா?

கோவை ரைடர்
வணக்கம். என் டூரிங் பைக் 41,000 கிமீ ஓடிவிட்டது. நான் 84 கிலோ, மனைவி 62, பெட்டிகள் இரண்டும் சேர்ந்து 20 கிலோ. போன மாதம் ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறினோம். 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. ஹேண்டில் லேசாகி, வண்டி வளைவுக்கு வெளியே ஓடப் பார்த்தது. ஒரு வேகத்தடையில் அடியில் 'டங்' என்று இடித்தது. மனைவிக்கு இரண்டு நாள் இடுப்பு வலி. அவர் வராத பயணம் எனக்கு வேண்டாம், அதனால் இதைச் சரியாகச் செய்ய நினைக்கிறேன். பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அமைப்பு) கடைசிவரை திருகியாயிற்று.

பழைய ஸ்பேனர்
தம்பி, செலவுக்கு முன்னால் அளந்து பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்கடியில் ஒரு குறி வரை அளவு எடுங்கள். அப்புறம் வண்டி தன் பாரத்தில் நிற்கும்போது, கடைசியாக நீங்கள் இருவரும் பெட்டிகளோடு உட்கார்ந்து. எவ்வளவு இறங்குகிறது என்று சொல்லுங்கள்.

இரவுப் பயணி
டயர் காற்றையும், ஷாக்கைப் பின்சக்கரத்தோடு இணைக்கும் லிங்கேஜ் பேரிங்கையும் பாருங்க ப்ரோ. எனக்கு பேரிங் இறுகிப்போய் இதே மாதிரி தொல்லை.

கோவை ரைடர்
காற்று சரி, பேரிங்கிலும் ஆட்டமோ இறுக்கமோ இல்லை. சக்கரம் மொத்தம் 125 மி.மீ. ஏறி இறங்கும். தன் பாரத்தில் 3 மி.மீ., முழு பாரத்தில் 61 மி.மீ. இறங்குகிறது அண்ணே.

பழைய ஸ்பேனர்
அப்போ விஷயம் தெளிவு. முழு பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 40 மி.மீ. சுற்றி இறங்கினால் போதும். உங்களுக்குப் பாதி அங்கேயே போய்விடுகிறது. பிரீலோடைத் திருகினால் ஸ்பிரிங் கெட்டியாகாது, வண்டி நிற்கும் உயரம்தான் கூடும். வெறும் வண்டி 3 மி.மீ. மட்டுமே இறங்குவதால் இனித் திருகியும் பயனில்லை. ஸ்பிரிங் உங்கள் பாரத்துக்கு ரொம்ப மென்மை.

கெட்டியான ஸ்பிரிங்கை மட்டும் பழைய ஷாக்கில் போடாதீர்கள். அது வேகமாகத் திரும்பி எழும். அதைப் பிடித்து நிறுத்த ரீபவுண்ட் டேம்பிங், அதாவது ஷாக்குக்குள் இருக்கும் ஆயில் தரும் தடை வேண்டும். 41,000 கிமீ ஓடிய ஆயிலுக்கு அந்தத் தெம்பு இருக்காது, மலையில் சூடேறினால் இன்னும் நீர்த்துவிடும். கம்பெனி ஷாக் பெரும்பாலும் சீல் செய்தது, பிரித்து ஆயில் மாற்ற வழியிருக்காது. ஓலின்ஸ், வில்பர்ஸ் மாதிரி சர்வீஸ் செய்யக்கூடிய ஷாக்காக முழுதாக மாற்றுங்கள். ரிமோட் பிரீலோட் குமிழ் உள்ளதாகக் கேளுங்கள். வாரநாளில் தனியாக ஆபீஸ் போகும்போது குறைத்து, மனைவி ஏறும்போது கூட்டிக்கொள்ளலாம்.

ஆர்டர் தரும்போது ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு இருவரின் எடையையும் சொல்லுங்கள். அதில் மட்டும் குறைத்துச் சொல்லாதீர்கள். ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பதே அந்த எண்ணை வைத்துத்தான்.

கோவை ரைடர்
இன்று மாலையே இருவரும் எடை பார்க்கிறோம் அண்ணே. மாட்டியபின் அதே மூன்று அளவையும் எடுத்து இங்கே போடுகிறேன்.