நீர் மூலக்கூறை நேர்கோட்டில் வரைந்துவிட்டேன், எப்படித் திருத்துவது?

கேள்வி:
வணக்கம். மலேசியாவில், பட்டர்வொர்த்தில் படிவம் 4 (பதினாறு வயது) பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், படங்களை நானே வரைந்து கொடுக்க ரொம்ப ஆசை. நீர் மூலக்கூறை ஒரே கோட்டில் மூன்று உருண்டையாகப் போட்டேன், ஒரு பையன் "டீச்சர், இது வளைஞ்சுதானே இருக்கும்?" என்று கேட்டான். நிறத்துக்கு ஏதாவது வழக்கம் உண்டா? அப்புறம் மீனின் உள்ளுறுப்புகளையும் வரைய வேண்டும்.

பதில் 1:
பையன் சொன்னது சரி டீச்சர். ஆக்சிஜனை நடுவில் வைத்து, இரண்டு ஹைட்ரஜனையும் சுமார் 104.5 பாகை கோணத்தில் போடுங்கள். ஆக்சிஜனில் பிணைப்பில் சேராத இரண்டு எலெக்ட்ரான் இணைகள் தள்ளுவதால்தான் அந்த வளைவு. நேர்கோட்டில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு. நிறம்: கார்பன் கறுப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம். இது வெறும் வழக்கம்தான், தனி அணுவுக்கு அப்படி நிறம் கிடையாது என்பதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பதில் 2:
மீனுக்குப் படத்தைப் பார்த்து வரையாதீங்க அக்கா. பாசாரில் (சந்தையில்) குடல் எடுக்காத கொடுவா ஒன்று வாங்குங்கள், இங்கே சியாக்காப் என்போமே அதுதான். தலை இடப்பக்கம் இருக்கட்டும், அதுதான் வழக்கம். வயிற்றுப் பக்கம் கத்தரிக்கோலை மேலாக ஓட்டுங்கள், ஆழமாகப் போனால் முதுகெலும்புக்குக் கீழே இருக்கும் காற்றுப்பை கிழிந்துவிடும். இதயம் செவுளுக்குப் பின்னால், அடிப்பக்கம், சின்னதாக இருக்கும். இரத்தத்தை வாங்கும் ஊற்றறை ஒன்று, அதை வெளியே தள்ளும் இதயவறை ஒன்று. பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் நிறம் மாறிவிடும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. சனிக்கிழமை காலையிலேயே பாசாருக்குப் போகிறேன்.